கைமாறிய மாளிகைகள், கைவிடாத பெயர்கள்: தெரியுமா உங்களுக்கு?

சிம்பாங் அம்பாட் சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றிருக்கிறீர்களா? முன்னால் கண்டெய்னர் லாரி, பின்னால் தொழிற்சாலை பஸ், நடுவில் மோட்டார் சைக்கிள் கூட்டம். பச்சை விழுந்ததும் எல்லாரும் பறந்துவிடுவார்கள். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் நிற்கும் மண் எத்தனை பேர் கை மாறி வந்தது என்று தெரிந்தால், பச்சை விழுந்தும் வண்டியை எடுக்க மனம் வராது!

சிம்பாங் என்றால் சந்தி, அம்பாட் என்றால் நான்கு. பெயரே நாற்சந்திதான். மேற்கே போனால் பத்து காவான். தெற்கே போனால் வால்டோர், சுங்கை பக்காப், ஜாவி, நிபோங் திபால். இந்தச் சாலைகளின் இருபுறமும் ஒரு காலத்தில் கரும்பு, பிறகு கித்தா, பிறகு செம்பனை, இப்போது வீடமைப்புத் திட்டங்கள். பழைய மாளிகை, பழைய எஸ்டேட், அடிக்கடி மாறிய முதலாளிகள் என்றதும் இத்தாலியின் ஏரிக்கரை வில்லாக்கள்தான் பலருக்கு நினைவு வரும். அந்தக் கதைகளுக்கு ஒரு துளியும் குறையாத கதைகள் நம் வீட்டு வாசலிலேயே கிடக்கின்றன. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

செபராங் பிறைக்கு ஆண்டுத் தொகை கட்டப்படுவது தெரியுமா?

பங்களாவையும் தோட்டத்தையும் விடுங்கள். முதலில் நிலமே யாருடையது? செபராங் பிறை என்னும் பினாங்கின் இந்தப் பெருநிலப் பகுதி கெடா சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1800இல் கிழக்கிந்தியக் கம்பெனி சுல்தானுடன் ஒப்பந்தம் போட்டு இதை வாங்கிக்கொண்டது. அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லெஸ்லியின் பெயரைச் சூட்டி ‘புரோவின்ஸ் வெல்லெஸ்லி’ என்றார்கள். பினாங்குத் தீவுக்கும் இந்தக் கரைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய டாலர் என்று பேச்சு முடிந்தது. கம்பெனி போனது, பிரிட்டிஷ் ஆட்சி போனது, சுதந்திரம் வந்தது. ஆனால் கெடாவுக்கு ஆண்டுதோறும் தொகை கொடுக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை! மலேசியக் கூட்டரசு இன்றும் அதைக் கொடுத்து வருகிறது. ஒரு முழு வட்டாரத்தின் பட்டயத்தில் இருநூறு ஆண்டுக்கு முந்தைய மை இன்னும் காயவில்லை என்பது வியப்பில்லையா?

‘வால்டோர்’ என்பது பிரெஞ்சுச் சொல் தெரியுமா?

சிம்பாங் அம்பாட்டிலிருந்து சுங்கை பக்காப் போகும் வழியில் இருக்கும் வால்டோர், மலாய்ச் சொல்லும் அல்ல, தமிழ்ச் சொல்லும் அல்ல. ‘வால் தோர்’, அதாவது பொன் பள்ளத்தாக்கு! 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே கரும்பு போட வந்தவர்களில் பிரெஞ்சுக்காரர்களும் இருந்தார்கள். தங்கம் போல விளையும் என்ற நம்பிக்கையில் வைத்த பெயராக இருக்கலாம்.

இன்னொன்று கேளுங்கள். வடக்கே தாசேக் குளுகோர் பக்கம் மலாக்கோஃப் என்று ஒரு தோட்டம் இருந்தது. கிரிமியப் போரில் 1855இல் பிரெஞ்சுப் படை பிடித்த கோட்டையின் பெயர் அது. பின்னாளில் அந்தப் பெயர் ஒரு தோட்டக் கம்பெனியின் பெயரானது. கம்பெனி தோட்டத்தை விட்டு மின்சாரத் தொழிலுக்கு மாறியது. இன்று மலேசியாவின் பெரிய மின் உற்பத்தி நிறுவனங்களில் ஒன்றான மலாக்கோஃப் அதுதான்! ரஷ்யக் கோட்டை, பினாங்கு ரப்பர், வீட்டு விளக்கு! ஒரு பெயர் எத்தனை தூரம் நடக்கிறது பாருங்கள்.

வெறுங்கையோடு வந்தவர் ஓர் ஊரையே எழுப்பியது தெரியுமா?

சுங்கை பக்காப்பின் பழைய கடைத்தெருவில் நடந்தால் சீன மரபில் கட்டிய பெரிய குடும்ப வீடுகள் கண்ணில் படும். அந்த ஊரை உருவாக்கியவர் கீ லாய் ஹுவாட் என்னும் தியோச்சியூ சீனர். ஏழையாக வந்தார், கரும்புத் தோட்டத்தில் உயர்ந்தார், ஊர் எழுப்பினார், 1892இல் மறைந்தார். வெள்ளைக்காரத் துரைகள்தான் இங்கே கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்று நினைத்தால் அது தவறு. அவர்களுக்கு முன்பே பத்து காவானில் தியோச்சியூ விவசாயிகள் கரும்பு நட்டு, ஆட்டி, சர்க்கரை காய்ச்சிவிட்டார்கள்!

இங்கே தோட்டம் வைத்திருந்த குடும்பத்துக்கு இங்கிலாந்தில் ஒரு நகரமே சொந்தம் தெரியுமா?

இப்போதுதான் கதை சூடுபிடிக்கிறது! நிபோங் திபால் பக்கம் கேலடோனியா தோட்டம். கேலடோனியா என்பது ஸ்காட்லாந்துக்கு லத்தீன் மொழியில் வழங்கிய பெயர். 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்துச் சர்க்கரைத் தோட்டங்கள் பல எட்வர்ட் ஹார்ஸ்மன் என்னும் பிரிட்டிஷ் அரசியல்வாதியின் கையில் இருந்தன. அயர்லாந்துக்குத் தலைமைச் செயலராக இருந்தவர். 1876இல் அவர் இறந்தார். சொத்து அவருடைய மனைவியின் அண்ணன் தம்பி வழிக்கு, சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டன் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

யார் இந்த ராம்ஸ்டன்? யார்க்‌ஷயரில் துணி நெய்வதற்குப் பேர்போன ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தின் நிலத்துக்குப் பெரும் சொந்தக்காரர்! தாத்தா இறந்தபோது அவருக்கு வயது 7தான். ஏழு வயதில் ஒரு நகரத்துக்கு முதலாளி! கடை, தெரு, மில் எல்லாம் அந்தக் குடும்பத்தின் மண்ணில் நின்றன. 1920இல் ஹடர்ஸ்ஃபீல்டு நகராட்சி 13 லட்சம் பவுண்டு கொடுத்து அந்த மண்ணை வாங்கியது. ‘தன்னைத் தானே வாங்கிக்கொண்ட ஊர்’ என்று அந்த ஊருக்கு இன்றுவரை ஒரு பட்டப்பெயர் உண்டு!

இன்னும் முடியவில்லை. ஸ்காட்லாந்தில் ஏரிக்கரையில் இருக்கும் ஆர்ட்வெரிக்கி எஸ்டேட்டை 1871இல் இதே ராம்ஸ்டன் வாங்கினார். அதற்கு முன் 1847இல் விக்டோரியா மகாராணி வந்து தங்கிய இடம் அது. ‘தி கிரவுன்’ தொடரில் பால்மோரல் அரண்மனையாக நீங்கள் பார்த்தது, பின்னர் ராம்ஸ்டன் அங்கே எழுப்பிய மாளிகையைத்தான்! அடுத்த முறை அந்தத் தொடரைப் பார்க்கும்போது நிபோங் திபாலை நினைத்துக்கொள்ளுங்கள்.

99 கதவு பங்களாவின் படிக்கட்டில் என்ன நடந்தது தெரியுமா?

கேலடோனியாவில் ராம்ஸ்டன் குடும்பத்துக்கு ஒரு பங்களா. மலாயில் ‘ரூமா 99 பிந்து’. நம் ஆட்களுக்கு 99 கதவு பங்களா. காற்று நாலா பக்கமும் வந்து போகட்டும் என்று அறைக்கு அறை, தாழ்வாரத்துக்குத் தாழ்வாரம் கதவு வைத்துக் கட்டிய வீடு.

1948 ஜூன். மலாயா கொதித்துக்கொண்டிருந்த நேரம். அவசரகாலம் அறிவிக்கப்படுவதற்குச் சில நாள்களே இருந்தன. அந்த வீட்டின் படிக்கட்டில் ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் சுட்டுக் கொல்லப்பட்டார். குடும்பத்தின் மூத்த மகன், பரோனெட் என்னும் பரம்பரைப் பட்டத்துக்கு அடுத்த வாரிசு. பட்டம் பிறகு தம்பிக்குப் போனது.

இன்று அந்த வீடு செம்பனைக்கு நடுவில் பாழடைந்து நிற்கிறது. கதவு இருந்த இடங்களில் வெறும் சட்டமும் வெளிச்சமும். சுவர் வெடிப்பில் ஆல் வேர் இறங்கியிருக்கிறது. சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் செங்கல் சிவப்பாகத் தெரிகிறது. பேய்க் கதை கேட்டு இரவில் டார்ச் லைட்டோடு வருகிறவர்கள் உண்டு. நான் சொல்வது வேறு. அந்த வீட்டைத் தினமும் பெருக்கித் துடைத்தவர்கள், தோட்டத்தில் புல் வெட்டியவர்கள், சமையல்கட்டில் விறகு வைத்தவர்கள் யார்? லயத்து வீடுகளில் இருந்து வந்த நம் ஆட்கள்! என் பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். ‘தொரை பங்களா’ என்று சொல்லும்போது அவர் குரல் தானாகத் தாழும். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் கால் வைத்ததே இல்லை. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் எந்தெந்த மரம் எத்தனை மங்கு பால் தரும் என்று கடைசிவரை அவருக்குத் தெரிந்திருந்தது.

நாகப்பட்டினத்துக்கும் நிபோங் திபாலுக்கும் என்ன பந்தம் தெரியுமா?

இந்தத் தோட்டங்களில் கரும்பு வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, படகில் இக்கரைக்கு வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் மலாயாவில் ஒழிக்கப்பட்டது. அதன்பிறகு கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டிவரும் முறைதான் மேலோங்கியது. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலைப் பற்றிக் கேட்காத தோட்டத்துக் குடும்பம் உண்டா?

கரும்பு விலை விழுந்தது. மோட்டார் கார் பெருகி டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பை அழித்துக் கித்தா நட்டார்கள். பயிர் மாறியது, கம்பெனிப் பெயர் மாறியது, லண்டனில் பங்குகள் கை மாறின. ஆனால் விடியும் முன்னே பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, காண்டா வாளியைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்த கால்கள் மாறவில்லை.

பினாங்கு மாளிகைகளில் இத்தாலியச் சாயல் எப்படி வந்தது தெரியுமா?

பாலம் தாண்டித் தீவுக்குப் போவோம். ஜார்ஜ் டவுனின் பழைய பங்களாக்களில் வரிசையாகத் தூண்கள், முக்கோண முகப்பு, நடுவில் வாசல் என்று ஓர் ஒழுங்கு இருக்கும். அதன் வேர் இத்தாலியில் இருக்கிறது! 16ஆம் நூற்றாண்டில் அந்த்ரேயா பல்லாடியோ என்னும் கட்டடக் கலைஞர் விசென்சா நகரத்தைச் சுற்றிக் கட்டிய வில்லாக்களின் அழகில் இங்கிலாந்து மயங்கியது. அந்தப் பாணி லண்டனுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலேறி, வெயிலுக்கு ஏற்றபடி அகலமான தாழ்வாரம் சேர்த்துக்கொண்டு, கடைசியில் பினாங்கில் வந்து இறங்கியது.

ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் நிற்கும் சஃபோக் மாளிகை அதற்குச் சரியான சாட்சி. அந்த இடம் பிரான்சிஸ் லைட்டின் மிளகுத் தோட்டம். 1794இல் அவர் இறந்தார். பிறகு பிலிப்ஸ் என்னும் அதிகாரியின் கைக்குப் போய், கவர்னர்கள் விருந்து நடத்திய மாளிகையானது. பிறகு சீன வணிகர் ஒருவரின் சொத்து. 1928இல் மெதடிஸ்ட் சபை வாங்கிப் பள்ளிக்கூடம் ஆக்கியது. பின்னர் பல் மருத்துவக் கிளினிக்காகவும் இருந்தது! கவர்னர் நடனமாடிய இடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கினார்கள்! பிறகு கூரை இடிந்து பாழானது. பொறுமையாகப் புதுப்பித்து, 2008இல் யுனெஸ்கோவின் மரபுப் பாதுகாப்பு விருதையும் வாங்கிவிட்டது.

ஒரு வீட்டை விற்கக் கூடாது என்று உயில் 73 ஆண்டு காவல் காத்தது தெரியுமா?

லீத் தெருவின் நீல மாளிகையைப் பார்க்காதவர் இல்லை. 38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 ஜன்னல்கள்! கட்டியவர் சோங் ஃபாட் ஸே. சீனாவிலிருந்து ஏழையாகக் கிளம்பி, சுமத்ராவிலும் பினாங்கிலும் வணிகப் பேரரசு எழுப்பியவர். அந்த நீலம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அவுரிச் சாயத்தைச் சுண்ணாம்பில் கலந்து பூசியது! நம் தமிழ் மண்ணில் வயல் வயலாக விளைந்த அதே அவுரி.

1916இல் அவர் இறந்தார். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில் எழுதிவைத்திருந்தார். கடைசி மகன் இறந்தது 1989இல்! அதுவரை வீடு சிதைந்து, அறை அறையாக வாடகைக்குப் போய், பல குடும்பங்கள் குடியிருந்தன. பிறகு பினாங்கின் மரபை நேசித்த சிலர் சேர்ந்து வாங்கினார்கள். பழைய கைவேலை முறையிலேயே புதுப்பித்து, 2000இல் யுனெஸ்கோ விருது பெற்றார்கள். ‘இந்தோசீன்’ படத்தின் சில காட்சிகளும் ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தின் மாஜோங் காட்சியும் எடுக்கப்பட்டது இங்கேதான்.

கடலோரத்தில் ஹோம்ஸ்டெட் என்னும் வெள்ளை மாளிகை. அதற்கு உரிமையாளரான யாப் சோர் ஈ, பினாங்குக்கு வந்த காலத்தில் தெருத்தெருவாக முடிவெட்டியவர்! பிறகு பான் ஹின் லீ வங்கியை நிறுவினார். இன்று அந்த மாளிகை வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வளாகம். முடிவெட்டும் கத்தியில் தொடங்கிய வாழ்க்கை, பட்டமளிப்பு அங்கியில் வந்து நிற்கிறது!

இத்தாலியிலும் இதே கதைதான் தெரியுமா?

கோமோ ஏரிக்கரையின் வில்லா தெஸ்தே, கார்டினல் ஒருவருக்காக 1568இல் எழுந்தது. 1815இல் இங்கிலாந்து இளவரசி கரோலின் வாங்கினார். 1873 முதல் ஹோட்டல்! அதே ஏரியின் பால்பியானெல்லோ வில்லாவின் கடைசிச் சொந்தக்காரர் குயிதோ மொன்சீனோ. 1973இல் எவரெஸ்ட்டுக்கு முதல் இத்தாலியக் குழுவை நடத்திச் சென்றவர். 1988இல் இறக்கும்போது நாட்டின் மரபைப் பாதுகாக்கும் அமைப்புக்கு வீட்டை எழுதிவைத்தார். ஃபுளோரன்ஸ் அருகே கலை அறிஞர் பெரென்சன் தன் வீட்டையும் நூலகத்தையும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். கார்டினல், இளவரசி, மலையேறி, கலை அறிஞர்! வீடு ஒன்றுதான், சாவிக்கொத்துதான் கை மாறுகிறது.

நம் செட்டிநாட்டையும் மறக்கக் கூடாது. பினாங்கிலும் பர்மாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், தேக்கும் பளிங்கும் ஏற்றி அனுப்பி எழுப்பிய வீடுகள் பல இன்று ஹோட்டல்கள். பங்காளிகள் பலருக்குச் சொந்தமான வீடுகளில் ஒப்புதல் கிடைக்காமல் பூட்டிக் கிடப்பவையும் உண்டு. இடிக்கப்பட்டவற்றின் நிலைக்கதவுகளைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சாய்த்துவைத்திருக்கிறார்கள், வீட்டை இழந்த வாசல்கள்!

பால் வெட்டியவர்களே தோட்டத்தை வாங்கிய கதை தெரியுமா?

இதுவரை கேட்டதெல்லாம் பணக்காரன் கையிலிருந்து பணக்காரன் கைக்கு. இது வேறு! சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெயர். ஒரு கையெழுத்தில் வேலை போனது, லயத்து வீடு போனது, பிள்ளையின் பள்ளிக்கூடமும் போனது.

அப்போது அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். ‘மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம்’ என்பதுதான் அவர் கொண்டுபோன யோசனை. பத்து வெள்ளி அன்றைக்குச் சின்னத் தொகை அல்ல. வீட்டில் அரிசி வாங்கும் காசு அது. போட்டார்கள்! 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். நேற்றுவரை பெரட்டில் கைகட்டி நின்றவர் இன்று அந்த மண்ணின் பங்குதாரர்! ஹடர்ஸ்ஃபீல்டு தன்னைத் தானே வாங்கியது என்றால், நம் ஆட்களும் வாங்கினார்கள். அதுவும் நகராட்சிக் கருவூலம் இல்லாமல், முந்தானை முடிச்சிலிருந்து எடுத்த காசில்!

இன்று பத்து காவான் என்ன ஆனது தெரியுமா?

2014 மார்ச் 1 அன்று பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்தது. நீளம் 24 கிலோமீட்டர்! அது கரை சேரும் இடம் பத்து காவான். சீனர் கரும்பு நட்ட மண், பிறகு கித்தாவும் செம்பனையும் நின்ற மண், இன்று மின்னணுத் தொழிற்சாலைகளும் 2019இல் வந்த ஐகியாவும் நிற்கும் மண். சனிக்கிழமை மாலை அங்கே அலமாரி வாங்கப் போகிற எத்தனை பேருக்குத் தங்கள் தாத்தா அதே இடத்தில் மரம் சீவினார் என்று தெரியும்?

கடைசியாக ஒன்று: இடிந்துபோன மாளிகையைத் தூக்கிப்பிடிப்பது யார் தெரியுமா?

ராம்ஸ்டன் குடும்பத்துக்கு யார்க்‌ஷயரில் ஒரு பூர்வீக மாளிகை இருந்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு. பரோனெட் பட்டத்திலேயே அந்த ஊர்ப் பெயர் சேர்ந்திருந்தது. அதன் பெயர் பைராம். அந்தப் பெயரைத்தான் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கும் வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் குடும்பம் அந்த மாளிகையைக் கைவிட்டது. பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது.

ஆனால் பைராம் என்ற பெயர் போகவில்லை. நம் பக்கத்தில் பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது! வால்டோர் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ஜாவி, பத்து காவான் பெயரிலும் பள்ளிகள் இருக்கின்றன. தோட்டக் கம்பெனி கலைந்தாலும், பங்களா பாழானாலும், லயம் தரைமட்டமானாலும், நம் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பி அனுப்பி அந்தப் பெயர்களைச் சாகவிடாமல் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ‘பழைய தோட்டத்துப் பள்ளிதானே’ என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் எனக்கு மனம் கொதிக்கிறது. இந்த வட்டாரத்தின் இருநூறு ஆண்டுக் கைமாற்றத்தில், கை மாறாமல் நம்மிடமே இருந்தது அது ஒன்றுதான்!

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தாலும் சரி, வேறு மாதத்தில் திறந்தாலும் சரி, முதல் நாள் வேலை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். புது நோட்டுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, நடுவில் பெயர் எழுதுவது. ஏழு வயதில் ஒரு பிரிட்டிஷ் சிறுவன் ஒரு நகரத்துக்கே முதலாளி ஆனான் என்று சொன்னேன் அல்லவா? இங்கே ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோடு விலகாமல், தன் பெயருக்குக் கீழே ‘பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்று எழுதிக்கொண்டிருக்கிறது.